ரெமி அடித்துக்கொண்டிருக்கிறான்

கடலோரச் சாலையில், கயிறும் வலையும் விற்கிற கடைக்கு மேல்மாடியில், உப்புக்காற்று பாதி எழுத்தைத் தின்றுவிட்ட பெயர்ப்பலகையோடு டால்பின் பூல் என்று ஒரு பந்தாட்டக் கூடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம், ஆனால் போகிறவர்கள் அங்கே அவசரப்படக் கூடாது. அந்தக் கூடத்தில்தான், தூத்துக்குடி முழுக்கப் புழுங்கிக் கிடந்த ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில், பிரிஸ்காவின் புருஷன் ரெமி கருப்புப் பந்தைக் குழியில் தள்ளுவதற்காகக் குனிந்தான், குனிந்தவன் அடித்தான், அடித்த அடி முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று அந்த ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை, அதனால் நாமும் கேட்க வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் அங்கே நடந்துவந்த படிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்படியொரு படிப்பு வேறெங்கும் கிடையாது. கூடத்தின் சொந்தக்காரர் ஹெர்மன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், பூல் ஆடத் தெரியாதவர், தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதவர். சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுகிற வீடியோக்களை, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில், சத்தத்தை அணைத்து, நாள் முழுக்க ஓடவிட்டிருந்தார். வேகமாகப் பார்த்தால் வித்தை ஒளிந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. படிக்க வருகிறவன் டிவியில் தனக்கென்று ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; பிறகு டிவிக்குக் கீழே வரிசையாக நின்று அவர் காலை வைப்பதுபோல் காலை வைத்து, அவர் இடுப்பை மடிப்பதுபோல் மடித்து, அவர் தாடையைக் குச்சிமேல் இறக்குவதுபோல் இறக்கி, முழங்கைக்கு மேலே அசையாமல் முழங்கைக்குக் கீழே மட்டும் ஆட்டிப் பழக வேண்டும்.

அடியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஹெர்மனுக்குக் கோபம் வந்துவிடும். "வித்தை எதுல இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? எல்லாத்தையும் சேத்து எடுல" என்பார். அதனால்தான் ரெமியின் கூட்டாளி லூயிஸ், சீனத்து ஆட்டக்காரி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தவன், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தலையில் இல்லாத கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டான். ரெமி தேர்ந்தெடுத்தது ஏதோ குளிர் தேசத்து மொட்டைத் தலையரை. அவர் அடிக்கு முன் உள்ளங்கையால் மண்டையைத் துடைப்பார், கீழுதட்டை நக்குவார், குச்சியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பவர்போல ஒரு நொடி நிற்பார், பிறகு அடிப்பார். தலை நிறைய முடியை வைத்துக்கொண்டு ரெமியும் துடைத்தான், நக்கினான், நின்றான். அந்த மொட்டையர் சொந்த வேகத்தில் அடித்து அந்தக் கூடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அவர் அப்படித்தான் அடிப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரெமி கப்பலில் இயந்திரம் பொருத்துகிற ஃபிட்டர் வேலை பார்க்கிறவன். வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மீதி வீட்டில். வீட்டில் இருக்கிற மாதங்களில் எந்த நாற்காலி தன்னுடையது என்று தெரியாமல் எழுந்து எழுந்து உட்காருவான், மகள் ஷெரின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வெளியூர் அங்கிளைக் கண்டவள்போல அவனுக்கு ஒரு வணக்கம் வைப்பாள், பிரிஸ்கா மருந்துக்கடை வேலைக்குப் போகும்போது சாவியை எங்கே வைக்கிறாள் என்பதே அவன் திரும்பிப் போகிற வாரத்தில்தான் அவனுக்குப் பிடிபடும். அதனால்தான் பூல் கூடம். அங்கே எங்கே நிற்க வேண்டும் என்று டிவி சொன்னது.

அன்றைக்கு லூயிஸோடு ஆட்டம். தோற்றவன் டீ வாங்க வேண்டும், அவ்வளவுதான். மேஜையில் கருப்பும், அதை இடித்துத் தள்ளுகிற வெள்ளையும் மட்டும் மீதி. கருப்பு மூலைக்குழிக்கு நேராக, ஷெரினே தள்ளிவிடக்கூடிய இடத்தில் நின்றது. ரெமி மண்டையைத் துடைத்தான், உதட்டை நக்கினான், குச்சியை இழுத்தான், அடுப்பை யோசித்தான். பிறகு அவன் கை முன்னால் வரத் தொடங்கியது, வந்துகொண்டே இருந்தது.

பாவனை காட்டுகிறான் என்று லூயிஸ் முதலில் சிரித்தான். டீ வந்தது, ஆடை கட்டியது. பக்கத்து மேஜையில் இரண்டு ஆட்டம் முடிந்தது. "அடில மச்சான்" என்றான் லூயிஸ்.

"அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் ரெமி, குச்சியிலிருந்து தாடையை எடுக்காமல்.

பொய் சொல்லவில்லை. ஹெர்மன் கீழ்க்கடையிலிருந்து ஒரு நூல் வாங்கிவரச் சொல்லி, குச்சி நுனிக்கு நேரே மேஜைமேல் வைத்துப் பார்த்தார். விளக்குப் போடும் நேரத்துக்குள் குச்சி அந்த நூலின் கனத்துக்கு முன்னேறியிருந்தது. கையைப் பிடித்து இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை, வலிக்கிறதா என்றால் வலிக்கவில்லை. உடம்பில் மற்றதெல்லாம் வழக்கமான வேகத்தில் இருந்தது. வலது கை மட்டும் டிவியின் வேகத்துக்கும் கீழே, அதற்கும் கீழே எங்கேயோ போய்விட்டிருந்தது.

பிரிஸ்கா மருந்துக்கடை உடுப்போடு படியேறி வந்தபோது அவன் மேஜைமேல் கவிழ்ந்திருந்தான். சுற்றிலும் ஆட்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன செய்யுதிய?" என்றாள்.

"ஒரே ஒரு அடிதான். முடிச்சுட்டு வாரேன்."

"சோறு ஆறிரும்."

"ஷெரினுக்குப் போட்டுரு" என்றான்.

அவள் வீட்டுக்குப் போய் மகளுக்குப் போட்டுவிட்டு, அவன் பங்கைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். அழுவதா, சண்டை போடுவதா, டாக்டரைக் கூப்பிடுவதா என்று அவளுக்குப் புரியவில்லை, புரியாதபோது சோறு கொண்டுவருவது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த காரியம். குனிந்து கிடக்கிற ஆளுக்கு மீன்குழம்பு ஊட்டுவது லேசில்லை. முள்ளை எடுத்து, உருண்டை பிடித்து, தாடைக்கும் குச்சிக்கும் நடுவே செருக வேண்டும்.

டாக்டர் வந்தார். கையில் ஒரு கோளாறும் இல்லை, நாடி மட்டும் யோசித்து யோசித்து அடிக்கிறது என்று சொல்லிவிட்டு, போகிறபோக்கில் பக்கத்து மேஜையில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். பங்குச் சாமியார் படியேறி வந்து நற்கருணை கொடுத்தார். மெதுவாகச் செய்வது எந்தக் கட்டளையிலும் பாவம் என்று எழுதப்படவில்லை என்றார். ஹெர்மன் மார்புக்குக் கீழே உயரமான முக்காலி வைத்து, அதன்மேல் தலையணை வைத்து, மற்ற தேவைகளுக்கு ஒரு திரையும் ஏற்பாடு செய்தார். அடி நடந்துகொண்டிருக்கும்போது மேஜையின் விளக்கை அணைக்கக் கூடாது, பந்தைத் தொடக் கூடாது என்பது அந்தக் கூடத்துச் சட்டம். அதனால் அந்த விளக்கு அணையவில்லை, கரண்ட் போனால் ஹெர்மன் முதலில் அந்த மேஜைக்குத்தான் இன்வெர்ட்டரைத் திருப்பினார்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் அந்த ஊரை மிஞ்ச முடியாது. ரெமியின் கையில் கட்டியிருந்த கடிகாரமும் கையோடு சேர்ந்து மெதுவானதைப் பார்த்துவிட்டு, கடன்காரர்களுக்குத் தவணை சொல்கிறவர்கள் அந்தக் கடிகாரப்படி வருகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். குச்சி வெள்ளையைத் தொடுவதற்குள் பெண்ணுக்கு மாப்பிள்ளை முடித்துவிட வேண்டும், குச்சி பாதி வருவதற்குள் மாடிக்குக் காங்கிரீட் போட்டுவிட வேண்டும் என்று தெருவில் பேச்சு வந்தது. சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையோடு மேலேறி, "எங்க வந்திருக்கு?" என்று பார்த்துவிட்டு, ரெமியின் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிவிட்டுப் போனார்கள். பிரிஸ்கா அவன் இடது கை நகத்தை வாரம்தோறும் வெட்டினாள். வலது கை நகம் வளரவே இல்லை. ஷெரின் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கூடத்துக்கு வந்து, பக்கத்து மேஜையில் கணக்குப் புத்தகத்தை விரித்தாள். தேடினால் கிடைக்கிற இடத்தில் அவளுக்கு ஒரு அப்பா இருப்பது அதுதான் முதல் தடவை. "அப்பா, பின்னத்த எப்படி வகுக்கணும்?" என்று கேட்பாள். அவன் வெள்ளைப் பந்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொடுப்பான். வணக்கம் வைப்பதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

பிரிஸ்கா கவனித்தாள். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும்போது திடீரென்று அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். புருஷன் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கிறான், நமக்கென்ன சந்தோஷம் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். வைகாசியில் அவன் கப்பலேற வேண்டும் என்று கம்பெனி ஏஜெண்ட் மும்பையிலிருந்து பேசினார், அவள் விஷயத்தைச் சொன்னாள், ஏஜெண்ட் வீடியோவில் காட்டச் சொன்னார், காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "சரி, இந்தக் கப்பலுக்கு வேற ஆள் போட்டுக்கிறேன். அடிச்சு முடிச்சதும் அடுத்த கப்பலுக்கு ஏறச் சொல்லுங்க" என்றார். இப்படிப் பழகிக்கொள்ள அவரும் ஏதோ துறைமுகத்துக்காரர்தான் போலிருக்கிறது.

ஒருநாள் மத்தியானம், முரல் மீனைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, ரெமி மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்: "குனியும்போது மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சேன் பிரிஸ்கா."

"என்னது?"

"இந்தக் கருப்பு விழுந்துச்சுன்னா இனிமே கப்பலுக்குப் போறதில்ல. விழலைன்னா போயிருவோம். அப்படி நெனச்சுக்கிட்டுத்தான் குச்சிய இழுத்தேன்."

அவள் கை உருண்டையோடு நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்காத ஒன்றை அவன் ஒரு பந்திடம் கேட்டிருந்தான். கேட்டானே என்று உருகுவதா, பந்திடம் போய்க் கேட்டானே என்று எரிச்சல்படுவதா என்று தெரியாமல், உருண்டையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளும் நூல் பிடிக்கத் தொடங்கினாள். ஊரே முன்பே பிடித்துக்கொண்டிருந்தது, அவள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகமாக அடித்தால் அடி முடிந்த பிறகுதான் தப்பு தெரியும். ரெமியின் அடியில் தப்பு முன்னாடியே தெரிந்துவிட்டது. குச்சி போகிற வாக்கில் கீழ்க்கடை நூலை இழுத்துக் கட்டினால் அது வெள்ளைப் பந்தின் நடுவைத் தொட்டு, கருப்புப் பந்தில் படவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் தள்ளிப் பட்டது. லூயிஸ் பிடித்துப் பார்த்தான், வலை பின்னுகிறவர்கள் பிடித்துப் பார்த்தார்கள், துறைமுகத்து சர்வேயர் ஒருவர் கருவியோடு வந்து பார்த்தார். கருப்பு குழியின் உதட்டில் மோதி நின்றுவிடும். விழாது.

"திருத்திரு மச்சான்" என்றான் லூயிஸ். "இன்னும் எவ்வளவு தூரம் கெடக்கு. கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பு."

"திருப்ப முடியாதுல. அடிச்சாச்சு."

"எங்கல அடிச்ச? குச்சி இன்னும் பாதி வழியில நிக்கி."

"அடிச்சது அன்னைக்கே. வந்து சேரத்தான் இவ்வளவு நாளாகுது."

இதைப் பற்றி ஊர் இரண்டுபட்டது. இன்னும் தொடாத பந்தை எப்படித் தவறவிட்டதாகச் சொல்லலாம் என்று ஒரு கட்சி. கையை விட்டுக் கிளம்பியது கிளம்பியதுதான் என்று இன்னொரு கட்சி. பூசை முடிந்து வருகிறவர்கள் கோயில் வாசலில் நின்று இதைத்தான் பேசினார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் பேசினார்கள். சாமியாரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் தனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படுகிறது, அதனால் இரவில் தூக்கம் வரவில்லை என்றார்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், ஹெர்மன் சாப்பிடப் போயிருந்தார், கூடத்தில் ஒருவரும் இல்லை, ரெமி தாடையைத் தலையணையில் வைத்துக் கண்ணயர்ந்திருந்தான். பிரிஸ்கா மேஜையின் அந்தப் பக்கம் போய் நின்றாள். கருப்புப் பந்து அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நூல் தள்ளினால் போதும். சுண்டுவிரலால், தூசி துடைப்பதுபோல, ஒரே ஒரு நூல். அவள் விரலை நீட்டினாள்.

"பந்தத் தொட்டா ஃபவுல், பிரிஸ்கா."

அவன் கண் திறந்திருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"ஒங்களுக்கு இது விழணுமா, வேண்டாமா?"

"தெரியல."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா தெரியலதான்."

"நேரா நிக்கிற பந்து. ஷெரின் அடிச்சாக்கூட விழும். இத்தன மாசம் டிவியப் பாத்துப் பாத்துப் பழகினவுக, இத எப்படித் தப்பா வச்சிய? வேணும்னே வச்சியளா?"

"அதத்தான் நானும் குனிஞ்சு கெடந்து யோசிக்கேன்" என்றான்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அதன்பிறகு கொஞ்ச காலம் சோற்றை லூயிஸ் கையில் கொடுத்தனுப்பினாள், அவள் போகவில்லை. கோபம் கோபமாக வந்தது. மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டவருக்குக் கண் மருந்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் வேண்டுமென்றே தவறவிட்டிருந்தால் அவனை மன்னிக்கக் கூடாது. தெரியாமல் தவறவிட்டிருந்தால் பாவம், ஊட்டிவிட வேண்டும். எது என்று அவனுக்கே தெரியாவிட்டால் ஒரு பெண்டாட்டி என்ன செய்வது? இப்படி ஒருத்தி என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்கு எந்த டிவியிலும் ஆள் இல்லை. தூக்கமில்லாமல் புரண்டாள், புரண்டதில் கட்டிலின் அவன் பக்கத்துக்குப் போய்விட்டு, அந்தப் பக்கம் தலையணைகூட இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள். அவன் கப்பலேறியதும் தலையணையை உறைக்குள் போட்டுப் பரணில் வைப்பது அவள் வழக்கம். இந்தத் தடவை அவன் வந்தபோது அதை இறக்கவே மறந்திருக்கிறாள். அவனும் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து தலையணை இல்லாமல் படுத்திருக்கிறான். அன்றைக்கு அவள் கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று.

ஆடியில் மாதா கோயிலில் கொடி ஏறியது. குச்சி நுனிக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவில் வெளிச்சம் மட்டும் போகிற அளவு இடம் மீதி இருந்தது. ஏஜெண்ட் பேசினார், அடுத்த கப்பல் தயார், கொச்சியில் நிற்கிறது, இனிப் பொறுக்க முடியாது என்றார். திருவிழாக் கூட்டத்தில் பாதி டால்பின் பூலின் படிக்கட்டில் நின்றது. ஹெர்மன் வெள்ளைச் சட்டை போட்டு, டிவியை அணைத்திருந்தார். அந்த டிவியை அவர் கையால் அணைத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. லூயிஸ் இல்லாத கூந்தலை ஒதுக்கி ஒதுக்கிக் காதே சிவந்துபோயிருந்தான். ஷெரின் மேஜை விளிம்பில் தாடையை வைத்து, அப்பாவின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பிரிஸ்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரிடமும் பேசவில்லை. நேரே மேஜையின் அந்தப் பக்கம் போய், கருப்புப் பந்தை எடுத்து, கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

லூயிஸ்தான், "மதினி, ஃபவுலு" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"நான் ஆட்டத்துலயே இல்லையே" என்றாள் பிரிஸ்கா. "ஆட்டத்துல இல்லாதவளுக்கு என்ன ஃபவுலு?"

எல்லோரும் ஹெர்மனைப் பார்த்தார்கள். ஹெர்மன் கூடத்துச் சட்டத்தை மனதுக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தார், அதில் இதற்கு இடமில்லை. அவர் கூரையைப் பார்த்தார்.

பிரிஸ்கா ரெமியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். மாதக்கணக்கில் அவன் பார்வை போன வழியில் இப்போது அவள் முகம் இருந்தது. "இனி விழ ஒண்ணுமில்ல. விழாம நிக்கவும் ஒண்ணுமில்ல" என்றாள். "பந்து சொல்லாது. நீங்க சொல்லுங்க."

ரெமி உதட்டை நக்கினான். அது மொட்டையருடையதா அவனுடையதா என்று சொல்ல முடியாது.

"கப்பலுக்குப் போறது எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றான். "எங்கப்பா போறதப் பாத்துப் படிச்சேன். பெட்டி கட்டுறது, அம்மா அழும்போது கடிகாரத்தப் பாக்குறது, வாசப்படி எறங்கினப்பறம் திரும்பிப் பாக்காம நடக்குறது. எல்லாத்தையும் சேத்து எடுத்தேன். வீட்ல இருக்குறது எப்படின்னு யாரையும் பாத்ததில்ல. எங்கப்பா இருந்ததில்ல, சித்தப்பா இருந்ததில்ல, எங்க தெருவுல எவனும் இருந்ததில்ல. போகவும் பிடிக்கல பிரிஸ்கா. இருக்கவும் தெரியல. அதான் பந்துகிட்ட கேட்டேன்."

கூடத்தில் இருந்த ஆண்களில் பலர் கப்பலுக்குப் போனவர்கள், மீதிப்பேர் கப்பலுக்குப் போனவர்களின் பிள்ளைகள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிரிஸ்காவின் அப்பாவும் கப்பல்காரர்தான். ஒரு ஆண்பிள்ளை பிற்பகலில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை அவள் பிறந்த வீட்டிலும் பார்த்ததில்லை, புகுந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

"நானும் பாத்ததில்ல" என்றாள். "ஒங்களுக்கு ஒரு தலகாணிகூட எடுத்துப் போடல நான். எனக்கும் தெரியாதுங்க. வாங்க, ரெண்டு பேரும் தெரியாமலே இருந்து பாப்போம்."

அப்போதுதான் குச்சி வெள்ளைப் பந்தைத் தொட்டது. சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து தன் சொந்த வேகத்தில் ஓடியது. கருப்பு இருந்த இடத்தைத் தாண்டி, பக்கச் சுவரில் மோதித் திரும்பி, இன்னொரு சுவரில் மோதியது. அது குழியில் விழுந்ததா மேஜையிலேயே நின்றதா என்று பிற்பாடு பெரிய சண்டை நடந்தது, ஏனென்றால் அத்தனை மாதம் அதற்காகக் காத்திருந்த கூட்டத்தில் ஒருவர்கூட அந்த நேரத்தில் பந்தைப் பார்க்கவில்லை. சாமியார் மட்டும் விழுந்தது என்றார், பிறகு சந்தேகமாக இருக்கிறது என்றார்.

அடி முடிந்ததும் லூயிஸ் ரெமியின் விரல்களிலிருந்து குச்சியை மெல்ல உருவி, கையை எடுத்துத் தொங்கவிட்டான். மற்றவர் எடுத்து வைத்தால் அந்தக் கை இப்போது நகர்ந்தது. தானாகப் போவதென்றால் மட்டும் அதே நூல் வேகம்தான். முதுகு நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஷெரின் அவன் செருப்பை எடுத்துப் போட்டாள். கூட்டம் படிக்கட்டில் வழிவிட்டது.

கீழே சாலையில் வெயில் அடித்தது. திருவிழாக் கடைகளில் பலூன்காரர்கள் கூவினார்கள், ஆட்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனார்கள். ரெமியின் கால்சட்டைப் பையில், வலது பக்கம், போன் அடித்தது. ஏஜெண்டாகத்தான் இருக்கும். இடது கை சும்மாதான் இருந்தது, அதை அவன் அசைக்கவில்லை. வலது கை பையின் ஓரத்தில் தொங்கியது. அது எங்கே போகப்போகிறது என்று அவன் முகத்தில் தெரியவில்லை, அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். போன் அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது.

பிரிஸ்காவும் பார்த்தாள். ஒரு நூல் இடைவெளியைக் கண்ணால் அளக்க அந்த ஊரில் எல்லோருக்கும் இப்போது தெரியும். கை பையை விட்டு ஒரு நூல் விலகியிருந்தது. அவள் பக்கமாக விலகியிருந்தது. அவள் தன் கையை நீட்டி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.